கண்ணில் படுகிறவர்கள்

1878-ஆம் ஆண்டுக் கோடையில், வட ஜப்பானின் யுசாவா என்ற ஊரில் ஒரு வீட்டுக் கூரை சரிந்து விழுந்தது. காற்றும் மழையும் அதற்குக் காரணமில்லை. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த இசபெல்லா பேர்ட் என்ற பெண் பயணி அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க நூற்றுக்கணக்கில் கூட்டம் கூடிவிட்டது. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாமல் போகவே, ஏணி கொண்டுவந்து பக்கத்துக் கூரைகளில் ஏறினார்கள். அதில் ஒரு கூரை பாரம் தாங்காமல் இறங்கியது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஐம்பது பேர் கீழே வந்து விழுந்தார்கள். பெரிய காயம் யாருக்கும் இல்லை. அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான்கு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கூரை ஏறியவர்களிடம் போகாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள்.

அந்த யுசாவாவைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அகிதா நகரிலிருந்து தெற்கே உள்ளூர் ரயிலில் போகவேண்டும். இருபுறமும் நெல்வயல், தூரத்தில் மலை, நடுவே சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். இறங்கியபோது என்னைப் பார்க்க வாசலில் ஆள் இல்லை. யாரையும் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் சரி. ஜப்பானிலேயே முதியவர்களின் விகிதம் மிக அதிகமான மாகாணம் அகிதா. நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர் 65 வயதைத் தொட்டவர்கள். கடைத்தெருவில் ஷட்டர் இறங்கிய கடைகள் வரிசையாக நின்றன. கூரை சரியும் அளவுக்குக் கூட்டம் சேர்க்க இன்று அந்த ஊரால் முடியாது.

அந்தப் பகுதியின் பெருமை இனானிவா உடோன். கையால் இழுத்து உலர்த்திய மெல்லிய கோதுமை நூடுல்ஸ். ஒரு சிறிய கடையில் உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி பரிமாறினார். மற்ற மேசைகளில் சாப்ஸ்டிக் மட்டும் இருந்தது. என் தட்டில் சாப்ஸ்டிக்கோடு, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஃபோர்க்கும் வந்தது. நான் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, உள்ளே அடுப்படியில் நின்றபடி அவர் எனக்காக யோசித்திருக்கிறார். சாப்ஸ்டிக்கை எடுத்து நூடுல்ஸைத் தூக்கியபோது அவர் முகம் மலர்ந்தது. அழகாகப் பிடிக்கிறீர்களே என்றார். அந்த அன்பில் துளி பொய்யில்லை. போகும்போது வாசல்வரை வந்து, நான் தெருமுனை திரும்பும்வரை குனிந்து நின்றார்.

ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அந்த ஃபோர்க்தான் மனதில் நின்றது. ஜப்பானில் வெளிநாட்டவரை இன்று யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. கூரைமேல் ஏறிய கண்கள் தாழ்ந்துகொள்ளக் கற்றுவிட்டன. ஆனால் கண்ணில் படாமல் இருக்கும் ஒரு நிமிடம்கூட வெளிநாட்டவருக்கு அங்கே வாய்ப்பதில்லை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றால் நாம் கூசாமல் பார்ப்போம். பார்த்து முடித்ததும் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிடுவோம். பார்வை பேச்சாகிக் கரைந்துவிடும். ஜப்பானில் அந்தக் கேள்வி வருவதில்லை. அது வராததால் பார்வை கரைவதும் இல்லை.

டோக்கியோவில் இதை எனக்கு விளக்கியவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, மணமாகி, குழந்தை பெற்று, நிஷிகசாயில் குடியிருக்கிறார். நிஷிகசாயிலிருந்து நகரத்துக்குப் போகும் டோசாய் லைன் டோக்கியோவின் மிக நெரிசலான தடங்களில் ஒன்று. கொரோனாவுக்கு முன்னால், 2019-இல், கிபாவிலிருந்து மொன்சென்நகாச்சோ வரையிலான பகுதியில் காலை நெரிசல் 199 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதாவது பெட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்குக் கூட்டம். மதியம் கொஞ்சம் காலியான வேளையில் நாங்கள் ஏறினோம். தம்பி ஓரத்தில் உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நின்றேன். அடுத்த ஸ்டேஷனில் ஏறியவர்கள் உட்கார இடம் தேடினார்கள். ஒவ்வொரு இருக்கையாக நிரம்பியது. தம்பியின் பக்கத்து இருக்கை கடைசிவரை நிரம்பவில்லை. ஒருவர் அதை நோக்கி வந்து, தம்பியைப் பார்த்துவிட்டு, கைப்பிடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தெனமும் இப்படி இல்லண்ணே. பத்துத் தடவைல நாலஞ்சு தடவை இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவை ஒக்காரும்போதும் இன்னைக்கு எப்படின்னு மனசு பாத்துக்கிட்டே இருக்கும். அதுதான் அசதி."

நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வந்து ஜப்பானில் வாழும் கறுப்பின எழுத்தாளர் பே மெக்நீல் இந்தக் காலி இருக்கையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். வெள்ளையர்களும் இதையே சொல்கிறார்கள். இது வெறுப்பு இல்லை என்று ஜப்பானிய நண்பர்கள் விளக்குவார்கள். ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிட்டால் பதில் சொல்லத் தெரியாதே என்ற கூச்சம், தொந்தரவாகிவிடுவோமோ என்ற தயக்கம். நான் அதை நம்புகிறேன். நின்றுவிட்ட அந்த மனிதரின் முகத்தில் வெறுப்பு இருக்கவில்லை. ஆனால் காரணம் மென்மையானதாக இருப்பதால் விளைவும் மென்மையாகிவிடும் என்று நான் ஏற்கமாட்டேன். நின்றவருக்கு அது ஒரு நொடித் தயக்கம். உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆண்டுக்கணக்கில் சேரும் கணக்கு.

பாராட்டும் அப்படித்தான் சேர்கிறது. ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னால் போதும், எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்பார்கள். பயணியாகப் போன எனக்கு அது இனித்தது. இருபது ஆண்டாக அங்கே வாழ்ந்து, ஜப்பானிய மொழியிலேயே அலுவலகக் கூட்டம் நடத்துகிறவருக்கும் அதே சொற்கள், அதே வியப்பு. நன்றாகப் பேசத் தொடங்கியபின் பாராட்டு நின்றுபோவதுதான் உண்மையான பாராட்டு என்று அங்கே நெடுநாள் இருப்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள். எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்ற கேள்வி அடுத்து வரும். கேட்பவர் விருந்தாளியை விசாரிக்கும் பண்போடுதான் கேட்கிறார். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு பாடு உண்டு. பெயர். ஜப்பானில் எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயர் ஒரு கட்டம், தன் பெயர் ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஜப்பானியர் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் அழைப்பார்கள். தம்பியின் மனைவி இதைச் சொன்னார். கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் காத்திருப்பாராம். பெண்கள் மட்டுமே நிறைந்த அந்தக் கூடத்தில் நர்ஸ் உரக்க "முருகேசன்-சான்" என்று கூப்பிடுவார். எட்டு மாத வயிற்றோடு இவர் எழுந்து போவார். "அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்ததுண்ணா. மொதல்ல எல்லாம் அந்தப் பேரைக் கேட்டா அழுக வரும். அப்புறம் அப்பா கூடவே செக்கப்புக்கு வர்றார்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

நிஷிகசாய் எப்படி இந்தியர்களின் இடமானது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்ற அச்சம் உலகைப் பிடித்தபோது, டோக்கியோவின் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்திய எஞ்சினியர்களை வரவழைத்தன. அலுவலகங்கள் ஓட்டேமாச்சி, கயாபாச்சோ பக்கம். டோசாய் லைனில் நேராகப் போய் இறங்கலாம். ஆனால் வீடு கிடைக்கவில்லை. வெளிநாட்டவருக்குத் தரமாட்டோம் என்றார்கள் வீட்டுக்காரர்கள். 1978-இலேயே ஜப்பானுக்கு வந்து தேயிலை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜக்மோகன் சந்திரானி என்பவர் இந்த இளைஞர்களுக்குக் கைகொடுத்தார். வீடு தேடித் தந்தார். சைவச் சாப்பாடு கிடைக்காமல் தவித்தவர்களுக்கு உணவுக்கு வழி செய்தார். யூ.ஆர். என்ற பொதுத்துறை வீட்டுவசதி அமைப்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் அந்தப் பகுதியில் உண்டு. அங்கே ஜாமீன்தாரர் தேவையில்லை, வீட்டுக்காரருக்குத் தரும் 'நன்றிப் பணம்' கிடையாது, வருமானச் சான்று இருந்தால் நாடு எதுவென்று பார்ப்பதில்லை. ஒரு குடும்பம் வந்தது, அது இன்னொன்றை அழைத்தது. இன்று நிஷிகசாய் அடங்கிய எடோகாவா வட்டாரம், ஜப்பானிலேயே இந்தியர் அதிகம் வாழும் வட்டாரங்களின் வரிசையில் முன்னால் நிற்கிறது. 2019-இல் அந்த வட்டார மன்றத்துக்கு யோகேந்திர புராணிக் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து ஜப்பானில் தேர்தலில் வென்ற முதல் மனிதர் அவர்.

அந்தக் குடியிருப்புகளுக்கிடையே ஒரு ஞாயிறு மாலை நடந்தேன். பூங்காவில் கிரிக்கெட் மட்டையோடு பையன்கள். சேலை கட்டிய அம்மாக்கள் பெஞ்சில். அவர்களைக் கடந்து நாயோடு போன ஜப்பானியத் தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் தயங்கவில்லை, யாரும் கூடுதலாகச் சிரிக்கவில்லை. என் தோள்கள் தளர்ந்ததை உணர்ந்தேன். அதுவரை அவை விறைத்திருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த இயல்பு தானாக வந்துவிடவில்லை என்று தம்பி சொன்னார். ஆரம்பத்தில் குப்பைதான் பெரிய பிரச்சினை. எரியும் குப்பை ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டிலும் டப்பாவும் இன்னொரு நாள். பை உள்ளே இருப்பது தெரியும்படி இருக்கவேண்டும். தவறான நாளில் ஒரு பை கிடந்தால் முதல் சந்தேகம் வெளிநாட்டவர் மேல்தான் விழும். குடியிருப்புச் சங்கக் கூட்டங்களுக்கு இந்தியர்கள் போகத் தொடங்கினார்கள். கோடைத் திருவிழாவில் கடை போட்டார்கள். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டாரை அழைத்தார்கள். இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தபின் கிடைத்ததுதான் அந்தத் தாத்தாவின் திரும்பாத பார்வை. எந்தப் பாராட்டையும் விட உயர்ந்த மரியாதையாக எனக்கு அது பட்டது.

கொன்பினி என்று அழைக்கப்படும் இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் இந்தத் திரும்பிப் பாராத பழக்கத்தை வேறு விதமாகப் பார்க்கலாம். டோக்கியோவில் பல கடைகளில் கல்லாவில் நிற்பவர் நேபாளியோ வியட்நாமியரோ மியான்மர்க்காரரோதான். வாடிக்கையாளர் பில் கட்டிவிட்டு நிமிர்ந்தும் பாராமல் போகிறார். சீருடை அந்த இளைஞருக்கு ஓர் இடத்தைக் கொடுத்துவிடுகிறது. இன்ன வேலைக்கு இன்னார் என்று மனம் ஒப்புக்கொண்டபின் முகம் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து சீருடையைக் கழற்றி, சைக்கிளில் ஏறி அறைக்குத் திரும்பும்போது அதே இளைஞரை போலீஸ் நிறுத்துகிறது. சைக்கிள் உன்னுடையதுதானா, கார்டை எடு. முகம் திரும்ப வந்துவிடுகிறது.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜப்பானில் நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவருக்கு 2012 முதல் 'ஸாய்ர்யூ கார்டு' தருகிறார்கள். நம்மவர்கள் ரெசிடென்ஸ் கார்டு என்பார்கள். பதினாறு வயது நிரம்பியவர்கள் அதை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டக் கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம். ஜப்பானியக் குடிமக்களுக்கு இப்படி எந்த அட்டையையும் சுமக்கும் கடமை இல்லை. ஆகவே தெருவில் ஒருவரிடம் கார்டைக் கேட்கும் முன் அவர் வெளிநாட்டவர் என்று போலீஸ்காரர் தீர்மானித்தாக வேண்டும். முகத்தைத் தவிர அவரிடம் வேறு ஆதாரம் ஏது? டோக்கியோ வழக்கறிஞர் சங்கம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டு வேர் கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிலளித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 63 பேர் அளவில் முந்தைய ஐந்தாண்டுகளுக்குள் போலீஸால் நிறுத்தி விசாரிக்கப்பட்டிருந்தார்கள். யுசாவாவின் நான்கு போலீஸ்காரர்களை நான் மறக்க முடியாததன் காரணம் இதுதான்.

வீட்டு வாடகையில் கணக்கு இன்னும் தெளிவானது. சட்ட அமைச்சகமே நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாடகைக்கு வீடு தேடிய வெளிநாட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு, வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டிருக்கிறார்கள். தரகர் உங்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் செய்வார். மிகப் பணிவான ஜப்பானியத்தில், ஒரு வெளிநாட்டவர் வந்திருக்கிறார், பரவாயில்லையா என்று கேட்பார். மறுமுனையில் என்ன பதில் என்பது தரகரின் குரல் இறங்குவதிலேயே தெரிந்துவிடும். மன்னிப்புக் கேட்டுக் குனிவார். தம்பியும் இதைப் பார்த்தவர்தான்.

பணிவும் மறுப்பும் ஒரே மூச்சில் வருவதுதான் பலரைக் குழப்புகிறது. ஹொக்காய்டோவின் துறைமுக நகரமான ஒட்டாருவில் நடந்தது ஜப்பானில் பலருக்கும் தெரிந்த வழக்கு. ரஷ்ய மாலுமிகள் குளித்த விதம் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால், அங்கே ஒரு வெந்நீர்க் குளியல் நிலையம் வாசலில் 'ஜப்பானியருக்கு மட்டும்' என்று பலகை மாட்டியது. அமெரிக்காவில் பிறந்த டெபிட்டோ அருதோ என்ற ஆசிரியர் 1999-இல் திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் ஜப்பானியக் குடிமகனானார். குடியுரிமையைச் சொல்லிக்கொண்டு மீண்டும் போனார். அப்போதும் உள்ளே விடவில்லை. நீங்கள் குடிமகன்தான், ஆனால் பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரியாதே என்பது வாதம். சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2002-இல் அது நியாயமற்ற பாகுபாடு என்று சொல்லி, வழக்குத் தொடுத்த மூவருக்கும் தலா பத்து லட்சம் யென் இழப்பீடு தரச் சொன்னது. நிலையம் தோற்றது. ஆனால் இன்றுவரை ஜப்பானில் இனப் பாகுபாட்டைத் தண்டிக்கும் முழுமையான தேசியச் சட்டம் கிடையாது. 2016-இல் வந்த வெறுப்புப் பேச்சுத் தடுப்புச் சட்டத்திலும் தண்டனை இல்லை. பலகைகள் குறைந்தன என்றால் அதற்கு வழக்குப் போட்ட அந்த மூவரின் பிடிவாதம்தான் காரணம். அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். பின்னாளில் எத்தனையோ வெந்நீர் ஊற்றுகளில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்த சுகம் எனக்குக் கிடைத்திருக்கிறது. என்னை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

ஒட்டாருவின் வாதம் எவரெவரைத் தாக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் பிறந்து, ஜப்பானிய அம்மாவிடம் வளர்ந்து, வேறு மொழியே அறியாதவர்கள் இருக்கிறார்கள். அப்பா வெளிநாட்டவர் என்பதால் முகம் மாறியிருக்கும். 2016-இல் மிஸ் வேர்ல்டு ஜப்பான் பட்டம் பெற்ற பிரியங்கா யோஷிகாவா டோக்கியோவில் பிறந்தவர், அப்பா இந்தியர். முந்தைய ஆண்டு மிஸ் யுனிவர்ஸ் ஜப்பான் ஆன அரியானா மியாமோட்டோ நாகசாகி மாகாணத்து சசேபோவில் பிறந்தவர், அப்பா கறுப்பின அமெரிக்கர். இருவரும் முழு ஜப்பானியர் இல்லை என்று எதிர்ப்புக் கிளம்பியது. இவர்களுக்கு ஃபோர்க் வைப்பவர் சொந்த நாட்டுக்காரர்.

இதன் மறுபக்கத்தில் கொரிய வம்சாவளியினர் இருக்கிறார்கள். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த 1910 முதல் 1945 வரையிலான காலத்தில் வந்தவர்களின் பேரர்கள், கொள்ளுப்பேரர்கள். 1952-இல் ஜப்பானியக் குடியுரிமை அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. முகத்தில் வேறுபாடு தெரியாது. பள்ளியிலும் வேலையிலும் பலர் ஜப்பானியப் பெயரைச் சூடிக்கொண்டு வாழ்ந்தார்கள். ஆனால் 1955 முதல், வெளிநாட்டவர் பதிவுக்காக வட்டார அலுவலகத்தில் விரலில் மை தடவி ரேகை வைக்கவேண்டியிருந்தது. 1980-களில் ஆயிரக்கணக்கானோர் ரேகை வைக்க மறுத்தார்கள். வழக்குகளையும் கைதுகளையும் தாங்கினார்கள். 1993-இல் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும், 2000-இல் மற்றவர்களுக்கும் அது நீக்கப்பட்டது. கண்ணில் படுவது எங்கள் பாரம் என்று நிஷிகசாயில் பேசிக்கொண்டிருந்தபோது, கண்ணில் படாமலிருக்கத் தன் பெயரையே ஒளித்த இவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுடைய பாரம் இன்னும் கனமானது என்பது என் எண்ணம்.

ஜப்பான் அயலாரை எப்போதும் இப்படிப் பார்த்ததில்லை. நாராவில், தோதாய்ஜி கோயிலின் மாபெரும் புத்தர் முன்னால் ஒரு காலையைக் கழித்தேன். 752-ஆம் ஆண்டு அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த பிராமணத் துறவி என்று ஜப்பானிய ஏடுகள் சொல்கின்றன. அவர் கையிலிருந்த தூரிகையில் நீண்ட நூல்களைக் கட்டி, அதைப் பேரரசர் குடும்பத்தாரும் கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தூரிகையும் நூலும் இன்றும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கின்றன. நாட்டின் மிகப் பெரிய சடங்கின் நடுவில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில், ஓர் அயலாரை நிறுத்திவைத்த காலமும் ஜப்பானுக்கு இருந்திருக்கிறது. மூடிய கதவு பிற்காலத்தது. நாகசாகியின் தெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவில் 1641 முதல் இருநூறு ஆண்டுக்கும் மேல் டச்சுக்காரர்களை அடைத்துவைத்தார்கள். ஆண்டுக்கொரு முறை எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, அழைத்துப்போவார்கள். அங்கே ஆட்சித் தலைவரான ஷோகன் திரைக்குப் பின்னால் இருந்தபடி அவர்களை நடக்கச் சொல்லி, பாடச் சொல்லி, ஆடச் சொல்லிப் பார்த்தார் என்று 1691-இல் போன மருத்துவர் கெம்ப்ஃபர் எழுதிவைத்திருக்கிறார். அந்த டச்சுக்காரர்களின் கப்பல்களில் நம் சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணியும் போய் இறங்கியது. மயிலாப்பூர் சாந்தோமின் பெயரால் 'சாந்தோமே' என்று அழைக்கப்பட்ட அந்தத் துணியை எடோ மக்கள் விரும்பி உடுத்தார்கள். பிறகு தாங்களே நெய்யவும் தொடங்கினார்கள்.

கியோட்டோவைப் பற்றி நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. 2024-இல் மட்டும் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் ஜப்பானுக்கு வந்தார்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்திப் படம் எடுத்த தொல்லை தாங்காமல், தனியார் சந்துகளில் நுழைந்தால் பத்தாயிரம் யென் அபராதம் என்று அறிவிப்புப் பலகை வைத்துவிட்டார்கள். இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பயணிமேல் எழும் எரிச்சல், அதே முகத்தோடு அங்கே வரி கட்டி வாழ்பவர்மேலும் போய் விழுகிறது. பார்ப்பவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை. 2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியர் முதலில்' என்ற முழக்கத்தோடு நின்ற சன்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. 2024 முடிவில் ஜப்பானில் குடியிருந்த வெளிநாட்டவர் ஏறக்குறைய 37 லட்சத்து 70 ஆயிரம் பேர். சுமார் 12 கோடியே 40 லட்சம் மக்களில் நூற்றுக்கு மூவர். 1990-இல் இந்தக் கணக்கு பத்து லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. வயல்களிலும் முதியோர் இல்லங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் ஆள் இல்லாமல் நாடே அழைத்து வந்தவர்கள் இவர்கள்.

நம் பயண எழுத்தில் நாம் ஜப்பானைப் பார்த்த கதை நிறைய உண்டு. 1930-களில் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்த ஏ.கே. செட்டியார் எழுதினார், தி. ஜானகிராமன் 'உதயசூரியன்' எழுதினார். ஜப்பான் நம்மைப் பார்ப்பதும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. டோக்கியோவில் ஒரு தென்னிந்திய உணவகத்தில் 'மீல்ஸ்' சாப்பிட வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய இளைஞர்கள். பக்கத்து மேசைப் பெண் ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்து கையால் சாப்பிட்டாள். என் எதிரில் உட்கார்ந்த நடுவயதுக்காரர், நான் சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும், 'முத்து' படத்தை 1998-இல் ஷிபுயாவில் பார்த்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அப்புறம் எந்தத் தெரு, சாம்பாருக்கு என்ன பருப்பு, அம்மா இருக்கிறாரா என்று கேள்வி மேல் கேள்வி. ஜப்பானில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மாலைகளில் ஒன்று அது. அவர் என்னைப் பாராட்டவே இல்லை.

புறப்படுவதற்கு முன் தம்பி வீட்டில் இரவுச் சாப்பாடு. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதா என்று கணவனும் மனைவியும் நெடுநாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவும் ஜப்பானும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும். தம்பியின் தயக்கம் வேறு இடத்தில் இருந்தது.

"சிட்டிசன் ஆயிட்டா ரெசிடென்ஸ் கார்டைத் திருப்பிக் குடுத்துடணும்ணே. நாளைக்கு ரோட்டுல நிறுத்தி கார்டை எடுன்னா எதைக் காட்டுவேன்? நான் ஜப்பான்காரன்னு சொன்னா நம்புவாங்களா?"

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. முகத்தைப் பார்த்து நிறுத்தும் வழக்கத்தை எதிர்த்து 2024 ஜனவரியில் மூன்று பேர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பாகிஸ்தானில் பிறந்து ஜப்பானியக் குடிமகனானவர்.

பையன் உள்ளறையில் ஜப்பானிய மொழியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். எடோகாவாவில் பிறந்தவன். அங்கே பிறந்ததால் மட்டும் ஜப்பானியக் குடியுரிமை கிடைத்துவிடாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும். அவனுக்குத் தமிழ் புரியும், பதில் ஜப்பானியத்தில்தான் வரும்.

"நமக்காக இல்லேன்னாலும் இவனுக்காக எடுத்துடலாம்ங்கிறேன். இவர்தான் யோசிக்கிறார். நீங்களே சொல்லுங்கண்ணா, பதினாறு முடிஞ்சா இவனும் அந்தக் கார்டைப் பைல வெச்சுக்கிட்டுத்தானே விளையாடப் போகணும்?" என்றார் தம்பியின் மனைவி. எடுத்துவிடுங்கள் என்றேன்.